முப்பதாம் திகதித் தாள்

எங்கள் வயதுக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வீட்டுக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தால் அதை உடைத்து, வாசித்து, தமிழில் சொல்லி, பெரியவர்களின் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் நாங்கள். பள்ளிக்கூடக் கடிதம், வைத்தியசாலைக் கடிதம், ரென்ட் கூட்டப் போகிறோம் என்ற அறிவித்தல் எல்லாம் எங்கள் வாய் வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தன. இப்போது மருந்துப் போத்தலில் உள்ளதை வாசிக்க எங்களுக்கே கண்ணாடி வேண்டியிருக்கிறது. எங்கள் பிள்ளைகள் வாசித்துச் சொல்கிறார்கள், சலித்துக்கொண்டு. சிரிப்பாகத்தான் இருக்கிறது. நான் சொல்ல வந்தது சிரிப்புக் கதை இல்லை.

எங்கள் வீடு ஓக்லாந்தின் தெற்கே, மனுகாவ் பக்கம். இரண்டு அறை, பலகைச் சுவர், தகரக் கூரை. விமானங்கள் இறங்கும் பாதை கூரைக்கு நேர் மேலே. ஒன்று போனால் அலுமாரியில் கோப்பைகள் கிலுங்கும். எங்களுக்குப் பழகிவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் மன்னாரிலிருந்து வந்து சேர்ந்த மாமாவுக்குப் பழகவில்லை. அம்மாவின் கடைசித் தம்பி அவர். ஒவ்வொரு விமானத்துக்கும் வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்ப்பார். இங்கேயே இருக்க விடுவார்களா, அல்லது அப்படி ஒன்றில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்களா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. அகதி விண்ணப்பம் போட்டிருந்தார். திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்று வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாததாலேயே எனக்கு அது தெரிந்திருந்தது.

மாமா சுத்தக்காரர். இரண்டு சேர்ட்டுகளுடன் வந்தவர், அவற்றை மாறிமாறித் தோய்த்துப் போடுவார். சேர்ட் பையில் நாலாக மடித்த வெள்ளை லேஞ்சி ஒன்று எப்போதும் இருக்கும். லேஞ்சி என்று சொன்னால் உங்களுக்குத் தெரியும். கைக்குட்டை என்று நாங்கள் எழுதுவோம், சொல்லமாட்டோம். அதை ஒவ்வொரு நாளும் சவர்க்காரம் போட்டுத் தோய்த்து, அயர்ன் பண்ணுவார். அயர்ன் சூட்டில் ஈரத்துணி எழுப்பும் மணம்தான் எனக்கு இன்றைக்கும் மாமாவின் மணம்.

பக்கத்து வீட்டில் ஓர் ஐரிஷ் அன்ரி தனியாக இருந்தார். அவருடைய தங்கை ஊரிலிருந்து ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் மேசை நாட்காட்டி ஒன்று அனுப்புவார். செங்கல் அளவு தடிப்பு. நாளுக்கு ஒரு தாள். மேலே திகதி, கீழே பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சரித்திரத்தில் அன்றைக்கு நடந்தவை. அந்த வருடம் தன் கண் மங்கிவிட்டது என்று அதை என்னிடம் தந்துவிட்டார். ஒரேயொரு நிபந்தனை.

"முப்பதாம் திகதித் தாளை அண்டைக்கே கிழிச்சு எனக்குக் கொண்டுவந்து தா. இந்த மாதம் முப்பது. அது எங்கட ஊர்த் தாள்" என்றார், இங்கிலீஷில்தான்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. பதினொரு வயதில் பெரியவர்களின் ஆசைகளுக்குக் காரணம் கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை.

நாட்காட்டியைக் கண்டதும் அப்பாவுக்கு யோசனை ஒன்று வந்தது. அப்பா ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்தவர். இங்கே பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மூடிகள் அடுக்கினார். ஆனாலும் தன் இங்கிலீஷில் அவருக்கு ஒரு கர்வம்.

"நாளுக்கு ஒரு தாள் பாடமாக்கு. இன்டவியூக்கு முதல் நாலு வார்த்தை இங்கிலீஷ் வாயில வரவேணும். பிள்ளை சொல்லித்தருவாள்" என்றார் மாமாவிடம்.

அப்படித்தான் நான் மாமாவுக்கு வாத்தியார் ஆனேன். இங்கே ஜனவரி என்றால் கோடை விடுமுறை. அப்பா வேலைக்குப் போய்விடுவார், அம்மா முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடிந்து வந்து தூங்குவார். நானும் மாமாவும் குசினி மேசையில். பெருங்காற்று அடித்து அயர்லாந்தில் வீடுகள் சரிந்த நாள். ஒரு பென்னிக்குக் கடிதம் எங்கும் போகும் என்று சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். மகாராணி செத்த நாள். பென்னிக் கடிதத் தாள் மாமாவுக்கு மிகவும் பிடித்தது. "ஒரு பென்னிக்கு எங்கயும் போகுமோ? எவ்வளவு தூரமெண்டாலும்?" என்று இரண்டு தரம் கேட்டார்.

மற்றத் தாள்களில் எல்லாம் சாவு, முற்றுகை, தூக்கு. மாமாவின் இங்கிலீஷும் அப்படியே வளர்ந்தது. ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்து சனம் வீடு நிறைய வந்திருந்தபோது, எப்படி இருக்கிறாய் என்று யாரோ கேட்க, "வீ ஆர் பிசீஜ்ட்" என்றார். முற்றுகையில் இருக்கிறோமாம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அவர் சிரித்ததை நான் கண்டது மிகக் குறைவு.

ஜனவரி நடுப்பகுதியில் கடிதம் வந்தது. நான்தான் வாசித்தேன். இன்டவியூ இந்த மாதம் முப்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருப்பார்.

"செவ்வாய்க்கிழமையிலயோ?" என்றார் அம்மா.

"நாங்கள் வேதக்காரர். நாள் பாக்கிறேல்லை" என்றார் அப்பா. சொல்லிவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் தொங்கிய கோயில் கலண்டரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

அன்று பின்னேரம் நான் நாட்காட்டியில் முன்னுக்குப் புரட்டி முப்பதைத் தேடினேன். புரட்டாமல் விட்டிருக்கலாம்.

முதல் வரி, 1649: இங்கிலாந்து ராஜாவின் தலையைக் கோடரியால் வெட்டிய நாள். அன்று கடும் குளிராம். குளிரில் நடுங்கினால் பயத்தில் நடுங்குகிறேன் என்று சனம் நினைக்கும் என்று ராஜா இரண்டு சேர்ட் போட்டுக்கொண்டு வந்தாராம். அடுத்தது 1661: செத்துப் புதைத்த ஒருவரைத் தோண்டி எடுத்துத் தூக்கில் போட்டார்கள். கடைசி வரி, 1972: அயர்லாந்தின் டெரி நகரம், ஞாயிற்றுக்கிழமை. ஊர்வலம் போன சனத்தை இராணுவம் சுட்டது. பதின்மூன்று பேர் செத்தார்கள். காயம்பட்ட பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு போக, ஒரு பாதிரியார் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு முன்னே நடந்தார்.

அந்தச் சொல் இங்கிலீஷில் அங்கே இருந்தது. ஹான்கர்சீஃப். நீளமான சொல். நான் அதை வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்ததுகூட நினைவிருக்கிறது.

இன்டவியூவுக்குப் போகிற காலையில் மாமா பாடமாக்கப் போவது இந்தத் தாளையா? வெட்டு, தூக்கு, சூடு, மூன்றும் ஒரே நாளில். அந்த நாளே நல்லதில்லை என்று தோன்றியது. சத்தம் வராமல் மெல்லக் கிழித்து, என் பள்ளிக்கூடச் சப்பாத்துப் பெட்டியில் சப்பாத்துகளுக்குக் கீழே வைத்தேன். மாமாவைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன். இதை எழுதும்போதும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

இன்டவியூவுக்கு முதல் நாள் திங்கட்கிழமை, ஓக்லாந்தின் பிறந்தநாள் விடுமுறை. அந்த வருடம் உண்மையான நாளே திங்களில் வந்தது. மற்ற வருடங்களில் லீவு நீளட்டும் என்று பக்கத்துத் திங்களுக்கு மாற்றிக் கொண்டாடுவார்கள். அப்பா எங்களைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனார். கடல் முழுக்கப் பாய்ப் படகுகள். வெயில் கண்ணைக் குத்தியது. எல்லோரும் கரையோரக் கம்பியில் சாய்ந்து நிற்க, மாமா மட்டும் தெருப் பக்கம் ஒரு மரத்தடியில் நின்றார்.

"கிட்ட வாங்கோ மாமா."

"வேண்டாம் பிள்ளை. தண்ணியைக் கண்டால் எனக்குத் தலை சுத்தும். நீந்தவும் தெரியாது."

அப்பா படகுகளைப் பார்த்தபடி, "இந்த ஊர் தன்ர பிறந்தநாளைக்கூடத் தள்ளி வைக்குது. எங்கட கேஸைத் தள்ளி வைக்கேலாதாம்" என்றார். அவரும் பயந்துபோய்த்தான் இருந்தார் என்பது இப்போது விளங்குகிறது. அன்றைக்கு அது பகிடி என்று நினைத்தேன்.

செவ்வாய் காலை, மாமா நாட்காட்டியின் முன்னே குந்தினார். இருபத்தொன்பதைக் கிழித்தார். கீழே முப்பத்தொன்று.

"முப்பது எங்க பிள்ளை?"

"ஒட்டிக்கொண்டு கிழிஞ்சிட்டுதுபோல, மாமா."

என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். "சரி, முப்பத்தொண்டை வாசிப்பம்."

முப்பத்தொன்றை நான் பார்த்து வைத்திருக்கவில்லை. 1953: ஸ்கொட்லாந்திலிருந்து அயர்லாந்துக்குப் போன கப்பல் புயலில் மூழ்கிய நாள். பெண்களும் பிள்ளைகளும் ஏறிய படகில் ஒருவரும் தப்பவில்லை. மாமா சொல்லுக்குச் சொல் பாடமாக்கினார். கப்பல், புயல், படகு, மூழ்கியது. வேறு என்ன செய்வது என்று தெரியாமல் ராஜாவின் யோசனையை எடுத்துக் கொடுத்தேன்.

"மாமா, ரெண்டு சேர்ட்டையும் போட்டுக்கொண்டு போங்கோ. நடுங்கினாலும் தெரியாது."

"இந்த வெக்கையிலயோ?" என்றார். ஆனாலும் போட்டார். ஒன்றின்மேல் ஒன்று, இரண்டுக்கும் கழுத்துவரை பொத்தான். பிள்ளை சொன்னதைக் கேட்கிற அளவுக்கு அவரிடம் வேறு ஒரு பலமும் அன்றைக்கு இருக்கவில்லை.

அன்றைக்கு அம்மாவுக்குப் பகல் வேலை, என்னை வீட்டில் விட ஆளில்லாததால் நானும் போனேன். இன்டவியூ அறைக்கு வெளியே ஓடைபோன்ற நீண்ட நடையில் அப்பாவும் நானும் கதிரைகளில் இருந்தோம். கதவு இரண்டரை மணித்தியாலம் திறக்கவில்லை. உள்ளே யாரோ தட்டச்சு செய்யும் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. கடைசியில் மாமா வெளியே வந்தார். முகமெல்லாம் வியர்வை. மேல் சேர்ட்டும் நனைந்து முதுகோடு ஒட்டிக் கிடந்தது. கையில் லேஞ்சி, பிழிந்த துணி மாதிரி. அவருக்குப் பின்னால் மொழிபெயர்ப்பாளர் வந்தார். மலேசியத் தமிழ்ப் பெண்மணி, நல்ல முகம்.

"நல்லா பேசினாரு. நீங்க ரொம்ப கவலப்படாதீங்க லா" என்று அப்பாவிடம் சொன்னார். என் கன்னத்தைத் தட்டி இனிப்பு ஒன்று தந்தார். அவர்மேல் எனக்கு அன்றைக்கும் கோபமில்லை, இன்றைக்கும் இல்லை.

பின்னேரம் ஐரிஷ் அன்ரி வேலியடிக்கு வந்தார்.

"என் தாள் எங்கே, கண்ணே?"

"தொலைஞ்சுபோச்சு."

அவர் வேலிப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பரவாயில்லை. அது எனக்கு மனப்பாடம்" என்றார். அவர் வீட்டு யன்னலில் அன்றைக்குப் பகலிலேயே ஒரு மெழுகுதிரி எரிந்தது. ஓடிப்போய்ச் சப்பாத்துப் பெட்டியைத் திறந்திருக்கலாம். செய்யவில்லை. பொய் சொல்லியாயிற்று என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது.

முடிவுக் கடிதம் ஈஸ்டர் முடிந்து வந்தது. தடித்த உறை. அப்பா கதிரையில், அம்மா கதவு நிலையில், மாமா நின்றபடி. நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். நாலாவது பக்கத்தில் வந்தது. விண்ணப்பதாரரிடம் வெள்ளை லோஞ்ச் ஒன்று இருந்தது. அதைப் பிடித்து அவரும் நண்பரும் அங்கால் கடந்தார்கள். கடக்கும் வழியில் சுடப்பட்டார்கள்.

லோஞ்ச் என்ற இடத்தில் மாமா தலையாட்டினார். "ஓம், ஓம். லேஞ்சி. சரியாத்தான் எழுதியிருக்கினம்."

நான் அடுத்த வரியை வாசித்தேன். கடலில் இருந்தவர் அதே நாளில் தெருவிலும் இருந்திருக்க முடியாது. வள்ளம் யாருக்காக ஓடியது என்பதற்கும் விளக்கம் இல்லை. ஆகவே அவரை நம்ப முடியவில்லை.

"மாமா, லோஞ்ச் எண்டா லேஞ்சி இல்லை. லோஞ்ச் எண்டா வள்ளம். மெசின் பூட்டின வள்ளம்."

வீட்டுக்கு மேலே விமானம் ஒன்று போனது. அலுமாரியில் கோப்பைகள் கிலுங்கின.

"வள்ளமோ?" என்றார் மாமா. பையிலிருந்த லேஞ்சியை எடுத்து, விரித்து, இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார். "இது பிள்ளை, இது! நான் சொன்னனான், என்னட்ட வெள்ளை லேஞ்சி இருந்தது, அதைப் பிடிச்சுக்கொண்டு ரெண்டு பேரும் ரோட்டுக்கு அங்கால கடந்தம், பாதியில சுட்டவங்கள் எண்டு. அவன் என்ர தோளில சாஞ்சபடி விழுந்தான். அந்த மனிசி லோஞ்ச் லோஞ்ச் எண்டு சொல்ல, என்ர சொல்லைத்தான் இங்கிலீஷ் மாதிரிச் சொல்லுறா எண்டு நானும் தலையாட்டினனான். இதாலதான் முகத்தையும் துடைச்சுக்கொண்டிருந்தனான், அவையளுக்கு முன்னாலயே!"

நண்பன் செத்த கதையை நான் முதல்முதல் கேட்டது அப்போதுதான்.

இனி நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாதது. மேன்முறையீடு செய்யலாம் என்று கடிதத்தில் இருந்தது. சொல் பிழைத்துவிட்டது என்று அப்பா எழுதியிருந்தால் போதும். ஆனால் கச்சேரி கிளார்க்குக்குப் பதிவேட்டில் ஏறிய எழுத்துத்தான் உண்மை.

"அவை லோஞ்ச் எண்டு பதிஞ்சு போட்டினம்" என்றார். "இனி இல்லை, அது லேஞ்சி எண்டு சொன்னா, அங்க ஒண்டு இங்க ஒண்டு கதைக்கிறான் எண்டுதான் எழுதுவினம். வள்ளம் இருந்தது, முதலே வித்துப்போட்டன், சம்பவம் நடந்த அண்டு தெருவிலதான் நிண்டனான் எண்டு சொல்லு. எல்லாம் பொருந்தும்."

"அத்தான், எனக்கு நீந்தவே தெரியாது."

"வள்ளம் வைச்சிருக்கிறதுக்கு நீந்தத் தெரியவேணுமெண்டு ஆர் சொன்னது?"

நான் வாயைத் திறந்தேன். "அப்பா, லேஞ்சிக்கு இங்கிலீஷில ஒரு சொல் இருக்கு. அந்தச் சொல்லை எழுதினா..."

"பெரியாக்கள் கதைக்கேக்க நீ வாயைப் பொத்து."

பொத்தினேன். அப்பாவுக்குப் பயந்து மட்டுமில்லை. அந்தச் சொல்லை எங்கே கண்டாய் என்று மாமா கேட்டால் முப்பதாம் திகதித் தாளைக் காட்ட வேண்டிவரும். அந்தத் தாளைப் பாடமாக்கியிருந்தால் லேஞ்சி என்ற இடத்தில் மாமாவே ஹான்கர்சீஃப் என்று சொல்லியிருப்பார். அதைக் கிழித்தவள் நான். ஒரு பிள்ளையின் வெட்கத்துக்கு ஓர் ஆளின் உயிரைவிடப் பாரம் கூட என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மேன்முறையீட்டில் மாமாவிடம் வள்ளத்தின் நீளம் கேட்டார்கள். என்ன எஞ்சின், எந்தக் கரை, யாருக்கு விற்றீர் என்று கேட்டார்கள். தண்ணீரைக் கண்டால் தலைசுற்றும் மனிதர், பார்த்தே இராத ஒரு வள்ளத்தைப் பற்றி ஒரு காலை முழுவதும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மறுபடியும் மறுப்புக் கடிதம். இந்த முறை மெல்லிய உறை. நான் வாசிக்கத் தொடங்கும்போதே, "வேண்டாம் பிள்ளை, விடு" என்றார் மாமா.

விமான நிலையத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. அம்மா வரவில்லை. அப்பா காரை நிறுத்தப் போனபோது நான் தாளை எடுத்து நீட்டினேன். எட்டாக மடிந்து, சப்பாத்து மணம் ஏறிக் கிடந்தது.

மாமா அதை விரித்து வாசித்தார். எழுத்துக்கூட்டி, விரல் வைத்து. நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. ராஜாவைக் கடந்தார். டெரி வந்தது. விரல் ஓர் இடத்தில் நின்றது.

"ஹான்... கர்... சீஃப்" என்றார். "இதுதானோ பிள்ளை?"

"ஓம் மாமா. நாள் கூடாது எண்டு நான்தான் கிழிச்சனான்."

அவர் ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் எனக்கு இத்தனை வருடமும் லேசாக இருந்திருக்கும். அவர் இன்னொரு தரம் முழுவதையும் வாசித்தார். "அங்கயும் ஒரு ஃபாதர் லேஞ்சியைத் தூக்கிப் பிடிச்சவரோ?" என்று தனக்குள் சொன்னார். "அவரைச் சுட்டவங்களோ?"

"இல்லை மாமா."

"அப்ப சரி." தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து, சேர்ட் பையில் லேஞ்சிக்குப் பின்னால் வைத்தார். அப்பா வந்துவிட்டார். அவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அப்பா ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் நின்றார். அப்பா சாகும்வரை அதைச் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது, என் பெயருக்கு. கடல் படம். பின்புறம் இங்கிலீஷில் நாலே வரி, பென்சிலில். இங்கே வெக்கை. நாளைக்கு ஊருக்குப் போகிறேன். வழியில் இராணுவச் சென்றிகள் இருக்கின்றன. என்னிடம் இரண்டு சேர்ட்டும் ஒரு லேஞ்சியும் இருக்கின்றன.

வெக்கையும் சென்றியும் எழுத்துப் பிழை. நாளைக்கு என்பதிலும் ஓர் எழுத்துக் குறைவு. ஹான்கர்சீஃப் என்ற சொல்லை மட்டும் ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் வரவில்லை.